அடங்காத பிள்ளையும் அஞ்சிய மூளையும்

தண்டனை ஏன் பலிப்பதில்லை?

'அடியாத மாடு பணியாது' என்பது தமிழ்க் குடும்பங்களில் பாட்டன் காலத்திலிருந்தே புழங்கும் நம்பிக்கை. பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டப் பள்ளிகளில் கரும்பலகைக்கும் வெண்கட்டிக்கும் பக்கத்திலேயே பிரம்பும் இருந்தது. இன்றைய மலேசியப் பள்ளிகளிலும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. 1959ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகள் மாணவிகளைப் பிரம்பால் அடிப்பதைத் தடுக்கின்றன. மாணவர்களை அடிக்கும் அதிகாரத்தைத் தலைமையாசிரியரின் பொறுப்பில் விடுகின்றன.

இருந்தும், எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறைப் பேச்சிலும் ஒரு பிள்ளை தவறாமல் இடம்பெறுகிறான். மந்தம் என்று அவனைச் சொல்ல முடியாது. திடலில் புதிய விளையாட்டின் விதிகளை ஒருமுறை சொன்னாலே பிடித்துக்கொள்வான். வகுப்பறைக்குள் வந்தால் மட்டும் கதை மாறிவிடும். பக்கத்திலிருப்பவன் புத்தகத்தைக் கொஞ்சம் இழுத்தாலே கைகலப்பு. வேறு சில நாளில், கேட்ட கேள்விக்கு வாய் திறக்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பான். திட்டினால் முறைப்பான். அடித்தால் இரண்டு நாள் அடங்கியிருந்து, மூன்றாம் நாள் முன்னைவிட மோசமாவான். வலியைத் தவிர்க்க எல்லா உயிர்களும் கற்றுக்கொள்ளும்போது, இந்தப் பிள்ளை மட்டும் ஏன் கற்றுக்கொள்வதில்லை?

அவன் செய்யும் குறும்புகளை மட்டும் பட்டியலிட்டுப் பார்த்தால் விடை கிடைக்காது. அவன் உடல் எந்நேரமும் எதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்று பார்த்தால் கிடைக்கும்.

மனவடு

தாங்க முடியாத அச்சத்தையோ இழப்பையோ சந்தித்தவரின் உடலும் மனமும், ஆபத்து நீங்கிய பிறகும் ஆபத்து இருப்பதாகவே நடந்துகொள்வதுண்டு. இந்நிலையை மனவடு என்பர். போர்க்கால யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் கையாண்ட சொல் இது. ஒரே நிகழ்ச்சி எல்லாரிடமும் மனவடுவை உண்டாக்குவதில்லை. நடந்தது என்ன என்பதோடு, அப்போது அந்தப் பிள்ளைக்குத் துணையாக யார் இருந்தார் என்பதும் அதைத் தீர்மானிக்கிறது.

போரும் பேரிடரும் மட்டுமே மனவடுவைத் தரும் என்ற எண்ணத்தை மாற்றியது ஓர் அமெரிக்க ஆய்வு. 1995 முதல் 1997 வரை சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் 17,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களது பிள்ளைப் பருவத்தைப் பற்றிக் கேட்டார்கள். வீட்டில் அடி விழுந்ததா, தாயை யாரேனும் அடித்ததைப் பார்த்ததுண்டா, குடிக்கு அடிமையானவர் வீட்டில் இருந்தாரா என்ற வகைக் கேள்விகள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் படித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். அவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோர் குறைந்தது ஒன்றுக்காவது 'ஆம்' என்றார்கள். நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைக் கண்டவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு கூடுதலாக இருந்தது. முடிவுகள் 1998இல் வெளியாயின.

இந்த எண்கள் பெருங்கூட்டத்தைப் பற்றியவை. ஒரு பிள்ளையின் 'ஆம்' பதில்களை எண்ணி 'ஐந்து மதிப்பெண்' என்று குறித்து அவன் எதிர்காலத்தைக் கணிக்க இவை உதவா. ஆண்டாவே 2020இல் அப்படிப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுதினார். பள்ளிகள் இந்த எச்சரிக்கையை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு அந்த முத்திரையே இன்னொரு சுமையாகிவிடும்.

தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு

மலேசியாவின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் சுமார் 130 பேராக்கில் உள்ளன. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றில் பல, கித்தாக் காட்டுக்கு நடுவே, பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று காலனியக் காலத் தொழிலாளர் சட்டம் விதித்திருந்தது.

அந்தத் தோட்டங்களின் வரலாற்றில் அச்சத்துக்குக் குறைவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள்; திரும்பாதவர்கள் ஏராளம். 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டத்துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அதே காலத்தில் தோட்டத் துண்டாடலும் வந்தது. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டதால் வேலையோடு வீட்டையும் இழந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்கு ஈடுகொடுக்கத்தான். பிந்திய ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஈப்போவுக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளைத் தேடி வந்தன.

லயத்து வாழ்க்கையை அழகுபடுத்திப் பேசத் தேவையில்லை. வறுமையும் சம்சுச் சாராயமும் அங்கே செய்த கேடு பெரிது. ஆனாலும் அங்கே ஒரு பிள்ளையின் வீட்டில் இரவில் சண்டை வந்தால், ஓடிப் போய் நிற்க அடுத்த வாசல் இருந்தது. ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருந்தாள். மாரியம்மன் கோயில் திடலில் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கப் பலர் இருந்தார்கள். அடுக்குமாடியின் ஐந்தாம் மாடிக்கு வந்தபோது துன்பம் கூடவே வந்தது. தாங்கிப் பிடித்த கைகள் வரவில்லை. அந்த இடத்தில் இன்று எஞ்சி நிற்பது பெரும்பாலும் பள்ளி ஒன்றுதான்.

தாங்கிப் பிடிக்கும் ஒரு கை என்ன செய்யும் என்பதற்குச் சான்று உண்டு. ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் கவாய்த் தீவில் 1955இல் பிறந்த 698 பிள்ளைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சிதைவு என்று பல இடர்கள் ஒன்றுசேர்ந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்களுடைய வாழ்வில் மாறாமல் நின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார். சிலருக்குப் பாட்டி, சிலருக்கு ஆசிரியர்.

அஞ்சிய மூளைக்குள்

மூளையின் ஆழத்தில் வாதுமைப் பருப்பளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது இதன் வேலைகளில் ஒன்று. சிந்தித்து முடிக்கும் முன்பே இது உடலை முடுக்கிவிடும். அட்ரினலின் பாயும், இதயம் வேகமெடுக்கும், தசை முறுக்கேறும். பின்னாலேயே கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடும். சண்டையிடு, தப்பியோடு, அல்லது அசையாமல் உறைந்து நில் என்ற மூன்றில் ஒன்றுக்கு உடல் தயாராகிறது. காட்டில் புலி எதிர்ப்பட்டால் இந்த ஏற்பாடு உயிர்காக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைதான் கவனத்தை நிறுத்துவது, ஆத்திரத்தை அடக்குவது, இரண்டு மூன்று தகவல்களை ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்துக் கணக்குப் போடுவது. அச்சம் எல்லை மீறும்போது அந்தப் பகுதியின் பிடி தளர்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பின்னக் கணக்குக்கும் பொறுமைக்கும் தேவைப்படுவது ஒரே பகுதி என்பதால், பயந்த பிள்ளை இரண்டையும் ஒன்றாக இழக்கிறான்.

ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதி, நடந்ததை இடத்தோடும் காலத்தோடும் சேர்த்துப் பதிய உதவுகிறது. 'அது நடந்தது வீட்டில், நேற்று; இது வகுப்பறை, இன்று' என்று பிரித்தறிய இந்தப் பதிவு வேண்டும். ஓயாத அச்சத்தில் இந்தப் பிரித்தறிதல் மங்குகிறது. 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்ற பழமொழியை ஆய்வுக்கூடத்திலும் காண முடிந்திருக்கிறது. செத் போலக், பவன் சின்ஹா இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகத் தெளிவாகும் முகப்படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். வீட்டில் அடிபட்டு வளர்ந்த பிள்ளைகள், மற்றவர்களைவிடக் குறைந்த தெளிவிலேயே கோபமுகத்தைக் கண்டுபிடித்தார்கள். கோபத்தை முன்கூட்டியே அறிவது அவர்களை வீட்டில் காப்பாற்றிய திறமை. அதே திறமை வகுப்பறையில், வருகைப் பதிவேட்டைக் கண்சுருக்கிப் பார்க்கும் ஆசிரியையின் முகத்திலும் கோபத்தைக் கண்டுவிடலாம்.

ஒரு காலைப்பொழுது

பத்து வயது மாணவன் ஒருவனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். ஈப்போப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அம்மா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். வீட்டில் அப்பாவும் பாட்டியும். முதல் நாள் இரவு அப்பா குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தார். பிள்ளை தூங்கும்போது மணி இரண்டு. காலையில் எதுவும் சாப்பிடாமல் வேனில் ஏறினான்.

எட்டு மணிக்குக் கணிதம். வகுப்பு சலசலக்கிறது. ஆசிரியை மர அடிமட்டத்தால் மேசையை ஓங்கித் தட்டுகிறார். முப்பது பிள்ளைகளுக்கு அது வழக்கமான சத்தம். இவனுக்கு அது கதவை உதைத்த சத்தம். உடல் துள்ளுகிறது, முழங்கை பட்டுப் பக்கத்து மாணவியின் எழுதுகோல் பெட்டி கீழே விழுந்து சிதறுகிறது. "ஏன் தள்ளுன?" என்று கேட்டபடி ஆசிரியை அவனை நோக்கி வருகிறார். மேலே குனிந்து நிற்கும் பெரிய உருவம், உயர்ந்த குரல். பிள்ளை உறைந்துபோகிறான். அவன் உதட்டில் ஓர் இளிப்பு. "செய்றதையும் செஞ்சிட்டு சிரிக்கிறியா?" என்கிறார் ஆசிரியை.

அந்த இளிப்பைக் கூர்ந்து பார்க்க வேண்டும். பயந்த பிள்ளை பெரியவரைச் சாந்தப்படுத்த முகத்தை அப்படி வைத்துக்கொள்வதுண்டு. அதில் திமிரும் இல்லை, கேலியும் இல்லை. ஆனால் பார்ப்பவருக்கு அது திமிராகவே தெரியும். பள்ளிகளில் பிள்ளைகள் வாங்கும் அடிகளில் கணிசமானவை இந்த ஓர் இளிப்புக்காகவே விழுந்திருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது.

கட்டொழுங்கு ஆசிரியரிடம் அனுப்புகிறார்கள். உள்ளங்கையில் இரண்டு அடி. திரும்பி வந்தவன் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். அடங்கிவிட்டான் என்று தோன்றுகிறது. உண்மையில் அவன் உடல் இன்னும் உறைநிலையிலேயே இருக்கிறது. அன்று சொல்லித்தந்த பின்னக் கணக்கில் எதுவும் ஏறவில்லை. வீட்டைப் போலவே பள்ளியும் ஆபத்தான இடம் என்ற பாடம் மட்டும் ஏறியது. மறுநாள் அவன் வரவில்லை.

அதே காலைப்பொழுது, வேறு விதமாக

இப்போது ஆசிரியையை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். பிள்ளையின் வீட்டில் நடந்தது இவருக்கும் தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பெட்டி விழுந்ததும் அவர் நடையைக் குறைக்கிறார். எதிரில் நிற்காமல் பக்கவாட்டில், மேசை உயரத்துக்குத் தாழ்ந்து நிற்கிறார். ஏன் என்று கேட்கவில்லை. 'ஏன்' என்ற கேள்விக்கு விடை சொல்ல முன்மூளை வேண்டும். அது அந்த நிமிடம் அவன் வசம் இல்லை. "பரவால்ல. போய் தண்ணி குடிச்சிட்டு வா. வந்து எனக்குப் புத்தகம் எடுத்து வைக்கணும்" என்கிறார். நடையும் தண்ணீரும் உடலின் முறுக்கைத் தளர்த்துகின்றன. கையில் ஒரு வேலை கிடைத்ததால் அவமானம் கரைகிறது. பத்து நிமிடம் கழித்து, மற்றவர்கள் கணக்குப் போடும்போது, தாழ்ந்த குரலில் பேச்சு தொடங்குகிறது. "சத்தம் கேட்டுப் பயந்துட்டியா?" "ஆமா டீச்சர்." "சரி. அவ பெட்டி உடைஞ்சிருச்சு. அதுக்கு என்ன செய்யலாம்?" அவன் எழுதுகோல்களைப் பொறுக்கி அடுக்குகிறான்; மன்னிப்புக் கேட்கிறான்.

செய்த தவற்றுக்குப் பொறுப்பேற்பது இங்கே விட்டுப்போகவில்லை. அது சற்றுத் தாமதித்து வந்திருக்கிறது, அவ்வளவே. முதலில் உடல் அடங்க வேண்டும். அடுத்து உறவு சரியாக வேண்டும். அதன் பிறகே அறிவுரை காதில் ஏறும். வழக்கமாகப் பள்ளிகள் அறிவுரையில் தொடங்கிவிடுகின்றன.

அமெரிக்க அரசின் மனநலப் பணி நிறுவனம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, இவ்வகையான, மனவடு அறிந்த அணுகுமுறையை நான்கு நிலைகளாக விவரித்தது. மனவடு எவ்வளவு பரவலானது என்பதை நிறுவனம் முழுவதும் உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அந்த அறிவை அன்றாட நடைமுறையாக்குவது, பழைய காயத்தை மீண்டும் கீறாமல் பார்த்துக்கொள்வது. நான்காவதுதான் பள்ளிகள் அறியாமலே தவறவிடும் இடம். 'என் குடும்பம்' என்ற கட்டுரைத் தலைப்பும், அன்னையர் தினத்துக்கு எல்லாரும் வாழ்த்து அட்டை செய்ய வேண்டும் என்ற கட்டளையும், தாயைப் பிரிந்த பிள்ளைக்கு வெறும் பயிற்சியாக இராது. 'நான் மதிக்கும் ஒருவர்' என்று தலைப்பை மாற்றினால் மொழிப்பயிற்சி குறையப்போவதில்லை. சபைகூடலில் ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்துப் பெயர் சொல்லித் திட்டுவது, கட்டணம் கட்டாதவர்களை எழுந்து நிற்கச் சொல்வது, திடீரென்று பின்னாலிருந்து தோளைத் தொடுவது ஆகியவையும் இதே வகை.

செய்ய வேண்டியவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை. அன்றைய பாட ஒழுங்கைப் பலகையின் ஓரத்தில் எழுதிவைத்தால், அடுத்து என்ன வரும் என்று எந்நேரமும் உஷாராக இருக்கும் பிள்ளைக்கு ஓய்வு கிடைக்கும். ஆசிரியர் நாளை வரமாட்டார் என்றால் இன்றே சொல்லிவிடலாம். தீ ஒத்திகை மணிக்கு முன்பும் அறிவிக்கலாம். பசியோடு வரும் பிள்ளைக்கு இலவச உணவுத் திட்டத்தில், மற்றவர் பார்வையில் படாமல், காலையிலேயே வயிறு நிறைய வழிசெய்யலாம். வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி வரவேற்பது பழைய தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் பலரிடம் இயல்பாக இருந்த பழக்கம். அதைப் பள்ளியின் முறையாகவே ஆக்கிவிடலாம்.

சான்று எவ்வளவு உறுதி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வால்லா வால்லா நகரத்து லிங்கன் உயர்நிலைப்பள்ளி இத்துறையில் அடிக்கடி பேசப்படும் பள்ளி. அதன் முதல்வர் ஜிம் ஸ்போர்லீடர் 2010இல் தண்டனை முறையை மாற்றினார். முந்திய கல்வியாண்டில் மாணவர்கள் இடைநீக்கத்தில் கழித்த நாள்கள் 798. மாற்றம் வந்த ஆண்டில் அது 135ஆகக் குறைந்தது. ஊக்கம் தரும் கணக்கு. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பள்ளி அதில் இல்லை. 2019இல் பிராண்டி மேனார்டும் உடனாய்வாளர்களும் இவ்வகைப் பள்ளித் திட்டங்களை மதிப்பிட்ட ஆய்வுகளைத் தேடியபோது, கடுமையான தகுதி விதிகளுக்கு உட்பட்ட ஓர் ஆய்வைக்கூடக் கண்டெடுக்க முடியவில்லை. அச்சம் கற்றலைக் கெடுக்கிறது என்பதற்குச் சான்று வலுவானது. ஒரு பள்ளியையே மாற்றியமைக்கும் திட்டத்தின் மொத்தப் பலனுக்கு அவ்வளவு வலுவான சான்று சேரவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளிடையே நடந்த ஓர் ஆய்வு இன்னும் கவனமாகப் படிக்கத்தக்கது. போருக்கு ஆட்பட்ட யாழ்ப்பாணப் பிள்ளைகள் 399 பேரிடம் நடத்திய பள்ளிசார் திட்டத்தின் முடிவுகளை வீட்ஸ் டோலும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்டார்கள். குழுவாக விளையாட்டு, வரைதல், பேச்சு என அமைந்த திட்டம் அது. பலன் கலவையாக இருந்தது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண்பிள்ளைகள் சிலர் நன்மை கண்டார்கள். பெண்பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள், திட்டத்தில் சேராமல் காத்திருந்தவர்களைவிட மெதுவாகவே குறைந்தன. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதும், பிள்ளையின் நினைவுகளைக் கிளறும் வேலையை வகுப்பறையில் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. ஆசிரியர் தரவேண்டியது பாதுகாப்பும் ஒழுங்கும். கதை கேட்பது சிகிச்சை கற்றவரின் பணி.

பள்ளியின் எல்லை

மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டி ஆலோசக ஆசிரியர்கள் உண்டு. ஆனால் முழுநேரப் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் குறைவான தோட்டப் பள்ளியில் அந்தப் பொறுப்பைப் பாட ஆசிரியர் ஒருவரே சேர்த்துச் சுமக்க நேர்கிறது. தேவை மிகுந்த இடத்தில் ஆள் குறைவு என்பது இந்த முறையின் பெரிய குறை. எண்ணிக்கையைத் தவிர வேறு அளவுகோலும் வேண்டும்.

சிறிய பள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேருந்து ஓட்டுநர் முதல் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர் வரை எல்லாரும் ஒரே தோட்டத்து உறவுகள். காலையில் ஆசிரியர் அறையில் பேசியது மாலையில் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் கேட்கும். எனவே பிள்ளையின் வீட்டுச் செய்தி, அதை அறிந்தாக வேண்டிய ஓரிருவரோடு நிற்க வேண்டும். உதவி தேடத் தயங்கும் பெற்றோரின் மனத்தில் இன்னோர் அச்சமும் இருக்கிறது. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. அந்த ஊரின் பெயரே தலைமுறைகளாகக் கிண்டல் சொல்லாகிவிட்டதால், 'மனநலம்' என்று தொடங்கினாலே பல வீடுகளில் கதவு சாத்தப்படுகிறது. 'சரியாகத் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா?' என்று தொடங்கினால் பேச்சு தொடரும்.

அடியின் தடம் உடலில் தெரிந்தாலோ, பாலியல் கொடுமையின் அறிகுறி இருந்தாலோ, சாக வேண்டும் என்று பிள்ளை சொன்னாலோ பள்ளி தனக்குள் வைத்துப் பார்க்கக் கூடாது. சமூக நலத் துறைக்கும், தாலியான் காசே 15999 என்ற இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசிக்கும், ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கும் அப்போதே போக வேண்டும். இது எங்கோ ஒரு பிள்ளையின் சிக்கல் என்று ஒதுக்கவும் முடியாது. 2022இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நடத்திய தேசியச் சுகாதார ஆய்வில் நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறி காணப்பட்டது. ஆறாம் ஆண்டு முடிந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது பிள்ளை மொழியையும் நண்பர்களையும் நம்பிய ஆசிரியரையும் ஒரே நாளில் இழக்கிறான். பெற்றோரின் சம்மதத்தோடு, அங்குள்ள ஆலோசக ஆசிரியரிடம் அவனை நேரில் அறிமுகப்படுத்திவிடுவது தமிழ்ப்பள்ளியின் கடைசிக் கடமைகளில் ஒன்று.

ஆசிரியரின் பங்கு இத்தனை பெரிதென்றால் அவர் நலமும் கணக்கில் வர வேண்டும். பிறர் துன்பத்தைத் தொடர்ந்து சுமப்பவருக்கு வரும் களைப்பை, இரக்கச் சோர்வு என்ற பொருளில், சார்ல்ஸ் ஃபிக்லி 1995இல் விரிவாக எழுதினார். எரிச்சல், தூக்கமின்மை, எதுவும் பயனில்லை என்ற நினைப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். தன் உடல் படபடக்கும்போது இன்னோர் உடலை யாராலும் அமைதிப்படுத்த முடியாது. ஆகவே வகுப்பில் நிலைமை கைமீறும்போது ஐந்து நிமிடம் வந்து நிற்க ஒரு சக ஆசிரியர், மாதம் ஒருமுறை பெயர் குறிப்பிடாமல் சிக்கல்களைப் பேசும் கூட்டம், பேராக்கிலேயே இயங்கும் ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகத்திலும் தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும் பயிலும் ஆசிரியர்களுக்கு இத்துறையில் முறையான பாடம் என்ற மூன்றும் திட்டத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.